பூட்டு நம்மிடம், சாவி யாரிடம்?

திண்டுக்கல் என்று சொன்ன மாத்திரத்தில் வெளியூராருக்கு நினைவு வருவது பூட்டு. நாகல் நகரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கையாலேயே தகடு வெட்டி, அராவி, நெம்புகோல் பொருத்திச் செய்யும் இந்தப் பூட்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராது என்பதே இத்தொழிலுக்கு ஏற்பட்ட கீர்த்தி. வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக் கொண்டு வெளியூர் போகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்றால், அந்த நிம்மதியில் ஒரு பங்கு திண்டுக்கல் தொழிலாளியின் கைவேலையினால் வந்தது.

ஆனால் இன்றைக்கு அதே வீட்டில், பூட்டிய கதவுக்கு உட்புறம், கட்டிலில் படுத்தபடியே செல்போனைத் திறக்கிற மனிதனை எண்ணிப் பாருங்கள். அவன் ஒரு தளத்தில் செய்தி வாசிக்கிறான். மற்றொன்றில் உரவிலை பார்க்கிறான். இன்னொன்றில் தன் தாயாரின் வியாதிக்கு மருந்து தேடுகிறான். ஒவ்வொரு தளத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை எழும்பி, "நாங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகிறோம், சம்மதமா?" என்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கிறது. வாசித்துப் புரிந்து கொள்வதற்கு நேரமும் இல்லை, பாஷையும் இல்லை. கண்ணில் படுகிற பெரிய பொத்தானை அழுத்திவிட்டு மேலே போகிறான். தெருக்கதவு பூட்டியே இருக்கிறது. ஆயினும் அவன் வீட்டிற்குள் அன்னியர் பலர் வந்து உட்கார்ந்து விட்டனர். இந்த விஷயத்தைப் பொது ஜனங்களும், முக்கியமாக அரசியல் ஊழியர்களும், அற்ப விஷயமென்று தள்ளிவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

குக்கி என்பது யாது? ஒரு தளம் நம் கருவியில் எழுதி வைக்கும் சிறு குறிப்பு, அவ்வளவுதான். 1994-ல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியைச் சேர்ந்த லூ மொன்டுலி என்பவர் இதைக் கண்டுபிடித்தார். ஒருவர் கடையில் எடுத்து வைத்த சாமான்களை, அடுத்த பக்கத்திற்குப் போனதும் தளம் மறந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய உத்தேசம். ஜவுளிக் கடையில் நாம் பையைக் கொடுத்துவிட்டு ஒரு வில்லை வாங்கிக் கொள்கிறோமே, அதைப் போன்றது இது. அந்த வில்லையினால் நமக்கும் நன்மை, கடைக்காரருக்கும் சௌகரியம். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

ஆட்சேபம் வேறு இடத்தில் பிறக்கிறது. ஜவுளிக் கடைக்குள் கடைக்காரருக்குச் சம்பந்தமில்லாத ஒருவன் நின்றுகொண்டு, நமக்குத் தெரியாமல் நம் முதுகில் ஒரு குறியை ஒட்டுகிறான் என்று வைத்துக் கொள்வோம். அவனுடைய கூட்டாளி ஒருவன் மருந்துக் கடையிலும், மற்றொருவன் புத்தகக் கடையிலும், இன்னொருவன் வட்டிக் கடையிலும் நின்று, அதே குறியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு எழுதுகிறார்கள். சாயங்காலம் நாம் வீடு திரும்புவதற்குள் நாம் என்ன வாங்கினோம், எதை விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தோம், எதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதெல்லாம் ஒரே பேரேட்டில் ஏறிவிடுகின்றன. மூன்றாம் தரப்புக் குக்கி செய்யும் வேலை இதுதான். நாம் சென்ற தளம் ஒன்று, குறியிட்டவன் வேறொருவன்.

அந்தப் பேரேடு சும்மா கிடப்பதில்லை. ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் மண்டியில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏலம் போவதை நம் ஜில்லாவாசிகள் அறிவார்கள். இணையத்திலும் ஏலம் நடக்கிறது. ஆனால் அங்கே ஏலம் போவது காயல்ல, மனிதனுடைய கவனம். ஒரு பக்கம் நம் கண்முன் விரிவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், "இன்ன வயது மதிக்கத்தக்கவர், இன்ன ஊர்க்காரர், நேற்று இன்னதைத் தேடியவர், இவருக்கு விளம்பரம் காட்ட யார் அதிக விலை கொடுப்பீர்கள்?" என்று கேட்டு விற்றுவிடுகிறார்கள். மண்டியில் காயை விற்ற விவசாயிக்குப் பட்டியலாவது கிடைக்கிறது. இந்த ஏலத்தில் சரக்காக நிறுத்தப்பட்டவனுக்கு ஏலம் நடந்ததே தெரியாது.

குக்கியை அழித்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தைப் பக்கத்தில் பதித்து வைத்து, அது எங்கே திறக்கப்படுகிறது என்று கண்டுகொள்ளும் வழி உண்டு. செல்போனுக்கென்றே ஒரு விளம்பர எண் உண்டு. இவற்றிலும் நுட்பமானது, நம் கருவியின் திரை அளவு, எழுத்துருக்கள், பாஷை, நேர மண்டலம் ஆகிய அற்ப விவரங்களைச் சேர்த்து அதை மற்ற கருவிகளினின்றும் பிரித்தறிவது. இதற்கு அந்தத் துறையார் வைத்திருக்கும் பெயரே கைரேகை என்பதாகும். 2010-ல் அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் செய்த சோதனையில், பரீட்சிக்கப்பட்ட உலாவிகளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேற்பட்டவை இப்படித் தனித்து அடையாளம் காணத் தக்கவையாக இருந்தன.

"ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இக்கேள்வி புதிதன்று. அதிகாரம் உள்ளவர்கள் எக்காலத்திலும் கேட்டு வந்த கேள்வியே இது. கதவுக்குப் பூட்டுப் போடுகிறவன் எல்லாம் திருட்டுச் சொத்தையா உள்ளே வைத்திருக்கிறான்? தன் வீட்டு விஷயம் தன்னுடையது என்ற சுயமரியாதையினால் அன்றோ பூட்டுகிறான்? இதற்கு மேல் கண்கூடான தீங்குகளும் உண்டு. அவசரத்திற்குக் கடன் தேடிய ஏழைகளை, கடன் செயலிகள் படுத்திய பாடு நாட்டுக்குத் தெரியும். சில ஆயிரம் ரூபாய்க்காக ஒருவன் செல்போனில் ஒரு சம்மதத்தை அழுத்தினான். அவனுடைய மைத்துனன், முதலாளி, மகளின் பள்ளிக்கூட வாத்தியார் எல்லோருடைய எண்களும் வசூல்காரன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு நடந்த அவமானங்களைத் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்க், இச்செயலிகள் செல்போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடலாகாது என்று உத்தரவிட வேண்டி வந்தது.

அரசியல் ஊழியர்களுக்கு மற்றொரு சம்பவத்தை ஞாபகப்படுத்துகிறோம். 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெளியாயிற்று. ஃபேஸ்புக் கம்பெனியே ஒப்புக்கொண்ட கணக்கின்படி, உலகத்தில் 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலும், அவர்களில் இந்தியர்கள் 5 லட்சத்து 62 ஆயிரம் பேருக்கு மேலும், தங்கள் விவரங்கள் அன்னியர் கைக்குச் சென்றிருக்கக் கூடியவர்கள். இந்தியாவில் அந்தச் செயலியைத் தாமே நிறுவிக் கொண்டவர்களோ 335 பேர்தான். மற்றவர்கள் அவர்களுக்குச் சிநேகிதர்களாக இருந்த ஒரே குற்றத்தைச் செய்தவர்கள். வாக்காளனின் பயம் எது, ஆசை எது, கோபம் எது என்று தெரிந்து வைத்துக் கொண்டு, ஒவ்வொருவன் காதிலும் ஒவ்வொரு விதமாக ஓதக்கூடிய வல்லமை ஒருவனுக்கு வந்துவிட்டால், பொதுக்கூட்ட மேடையில் எல்லோரும் கேட்கும்படி பேசி, எல்லோருக்கும் பதில் சொல்லி நடத்தும் ஜனநாயகம் எங்கே நிற்கும்? ஓட்டுப் பெட்டிக்குத் திரை போடுகிறோம். ஓட்டுப் போடுகிறவன் மனத்திற்குத் திரை வேண்டாமா?

கண்காணிப்பு என்றால் என்ன என்பதை இந்தப் பிரதேசத்தாருக்குப் பிறர் வந்து போதிக்க வேண்டியதில்லை. அன்று திண்டுக்கல்லையும் தன்னுள் கொண்டிருந்த மதுரை ஜில்லாவில், 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகத்தார் முழுவதுமே பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். தனித்தனியே குற்றம் ருசுவாக வேண்டுமென்பது இல்லை; பிறப்பே போதுமானதாயிற்று. விரல் ரேகை வாங்கப்பட்டபடியால் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். இன்ன ஊருக்குப் போகிறேன், இன்ன இரவு இன்ன இடத்தில் படுப்பேன் என்று போலீஸாருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூர்க் கிராமத்தார் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸ் குண்டுகளுக்கு இரையாயினர். தேசபக்தரும் வக்கீலுமான ஜார்ஜ் ஜோசப் போன்றவர்கள் அம்மக்களுக்காக வாதாடினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-ல்தான்.

அதுவும் இதுவும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. குக்கியினால் யாரும் சுடப்படவில்லை. இரவில் ஸ்டேஷனுக்கு இழுக்கப்படவில்லை. அங்கே பட்ட துன்பத்தை இங்கே உவமைக்கு இழுத்து மலிவாக்குவது நமது நோக்கமல்ல. ஆனால் அச்சரித்திரம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. மனிதனை அவனறியாத பேரேட்டில் எழுதுவதும், அந்த எழுத்தைக் கொண்டே அவன் எப்படிப்பட்டவன் என்று தீர்மானிப்பதும், அதைத் திருத்தவோ அழிக்கவோ அவனுக்கு வழி வைக்காமல் இருப்பதும் எந்தக் காலத்திலும் அநீதிக்கு அஸ்திவாரம். அன்று ரேகை கேட்டவன் நேரில் வந்து நின்றான். மறுப்பதற்கு ஓர் ஆள் எதிரே இருந்தான். இன்று ரேகை எடுப்பவன் கண்ணுக்கே தென்படுவதில்லை.

சுதந்திர தேசத்துக் கோர்ட்டுகள் இந்த உரிமையை ஒப்புக்கொள்ளவும் வெகு காலம் பிடித்தது. கொள்ளை வழக்கொன்றில் சாட்சியமில்லாமல் விடுதலையான கரக் சிங் என்பவர் வீட்டுக் கதவை உத்தரப் பிரதேசப் போலீஸார் இரவுதோறும் தட்டினர். 1962 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், இரவில் கதவைத் தட்டுவது தவறு என்றது. ஆனால் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதில் தவறில்லை, அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் உரிமையல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்ட தீர்ப்பெழுதினார். பிறகு 1994-ல் நமது மாகாணத்து நக்கீரன் பத்திரிகை சம்பந்தமான வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை பிரஜைக்கு உண்டென்று அதே கோர்ட் சொல்லியது. 2012-ல், தமது 86-வது வயதில், ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தார் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. அதன் பயனாக 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் 21-வது ஷரத்தில் அடங்கிய அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். கதவைத் தட்டும் போலீஸ்காரனிலிருந்து கதவைத் தட்டாமலே நுழையும் கம்பெனி வரையில் அந்தத் தீர்ப்பு எட்டுகிறது.

அத்தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குரிய விதிகள் மேலும் இரண்டு வருஷம் சென்று 2025 நவம்பரில் வெளியாயின. அவ்விதிகளும் கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாதத் தவணை அளித்தன. உரிமை பிறப்பது ஒரு நாளில். அது ஜனங்களின் கைக்கு வந்து சேருவதற்குப் பத்து வருஷம்! நம் நாட்டில் வரி விதிக்கும் சட்டம் எதுவும் இவ்வளவு நிதானமாக நடந்ததாக நமக்கு நினைவில்லை.

சட்டத்தில் நல்ல அம்சங்கள் இருக்கின்றன என்பதை மறைக்க மாட்டோம். சம்மதம் சுயேச்சையானதாகவும், குறிப்பிட்ட காரியத்திற்கென்றும், விஷயம் தெரிந்து கொடுத்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், தெளிவான செய்கையினால் வெளிப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே சுலபத்தோடு வாபஸ் வாங்கிக் கொள்ளலாம். காரியத்திற்கு அவசியமான விவரத்துக்கு மட்டுமே சம்மதம் செல்லும். வைத்திய ஆலோசனைச் செயலி ஒன்று தொடர்பு எண்களைக் கேட்டு வாங்கினாலும், வைத்தியத்துக்கு அவை தேவையில்லையாதலால், அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் பொதுவாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்ற பழமொழி கலியாணப் பேச்சுக்குப் பொருந்தலாம். இந்தச் சட்டத்தின்படி பொருந்தாது.

எல்லாவற்றிலும் மேலாக நாம் வரவேற்பது ஒன்று. அறிவிப்பையும் சம்மதக் கோரிக்கையையும் ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் 8-வது அட்டவணையிலுள்ள எந்தப் பாஷையிலோ வாசித்துக் கொள்ளும் வசதியைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. அதாவது, தமிழன் தமிழில் கேட்கலாம். தமிழில் சொல்லியாக வேண்டும். இது சலுகையல்ல, சம்மதத்தின் உயிர்நாடி. வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வாங்கி நிலத்தைப் பறித்த லேவாதேவிக்காரர்களின் கதைகள் நம் கிராமங்களில் எத்தனை! புரியாத ஆங்கிலத்தில் கேட்டு வாங்கும் "சரி"யும் அதே கைநாட்டுத்தான். ஆனால் தமிழ் என்ற பெயரில் யந்திரம் மொழிபெயர்த்த புரியாத வாசகத்தை ஒட்டிவிட்டு, கடமை தீர்ந்தது என்று கம்பெனிகள் சொல்லவும் இடங்கொடுக்கக் கூடாது. வேடசந்தூர் மில்லில் வேலை செய்யும் பெண்ணுக்குப் புரிகிற தமிழே தமிழ்.

இப்போது அனுபவத்தில் நடப்பது என்ன? "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்ற பொத்தான் பச்சை வர்ணத்தில் உள்ளங்கையகலம்; "மறுக்கிறேன்" என்பதோ சாம்பல் வர்ணத்தில் எறும்பு போல. பல தளங்களில் அந்த எறும்பும் இல்லை. "அமைப்புகள்" என்ற சந்துக்குள் நுழைந்து, இருபது முப்பது கட்டங்களை ஒவ்வொன்றாக அணைத்தால்தான் மறுத்ததாகும். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஏழு வாசல்! இதைச் சம்மதம் என்று அழைப்பது பாஷைக்கே இழைக்கும் துரோகம்.

ஐரோப்பாவில் இந்தச் சூழ்ச்சிக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டத்தினால் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல என்று ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு அழுத்தலும் மறுப்பதற்குப் பல அழுத்தல்களும் வைத்ததற்காகப் பிரான்ஸ் தேசத்துக் கண்காணிப்பு ஸ்தாபனம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை வெளியிட்டது. நம் நாட்டிலும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், ஜனங்களை ஏமாற்றும் பதின்மூன்று வகை வடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஆகவே வழி தெரியாமல் நிற்கவில்லை; நடப்பதற்குத்தான் மனம் வேண்டும்.

ஆனால் ஐரோப்பாவின் அனுபவத்திலிருந்து மற்றொன்றையும் கற்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு தடவையும் கேள்வி கேட்டால், மனிதன் சலித்துப் போய் எதற்கும் "சரி" என்றுவிடுகிறான். அந்தச் சலிப்பே கம்பெனிக்கு லாபம். ஐரோப்பியக் கமிஷனே 2025 நவம்பரில், இவ்வறிவிப்புகளைக் குறைத்து, உலாவியிலேயே ஒரு தடவை சொன்னால் போதும் என்ற வழிக்கு யோசனை வெளியிட்டிருக்கிறது. வீட்டு வாசலில் ஒரு பூட்டுப் போட்டால் போதுமே. வருகிற ஒவ்வொருவனிடமும் "வராதே" என்று சொல்லிக் கொண்டிருப்பது வீட்டுக்காரன் வேலையா? கம்பெனிகளே தாமாகத் திருந்தும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு வருஷத்தில் ஒழிப்பதாகக் கூகுள் 2020-ல் சொல்லியது. தவணைக்கு மேல் தவணை வாங்கி, 2024-ல் அந்த உத்தேசத்தையே கைவிட்டது. உலாவியும் அதனுடையது, விளம்பர ஏலமும் அதனுடையது. வேலிக்கு ஓணான் சாட்சி!

சம்மதத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் நிலைமை ஒன்றைச் சட்டம் செய்தவர்கள் எண்ணினார்களா என்பது சந்தேகம். நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் வத்தலகுண்டிலும், சர்டிபிகேட்டுக்கும் பட்டாவுக்கும் மனுப் போடுகிறவர்களில் பலர் தாங்களே விசைப்பலகையைத் தொடுவதில்லை. இ-சேவை மையத்திலோ கம்ப்யூட்டர் கடையிலோ உட்கார்ந்திருக்கும் பையன் அவர்களுக்காக அழுத்துகிறான். வரிசை நீளமாக இருக்கிறது. அவன் எல்லாக் கட்டங்களுக்கும் "சம்மதம்" போட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறான். அவன் பேரில் குற்றமில்லை. ஆனால் கொடுக்கப்பட்டது யாருடைய சம்மதம்? மனுதாரருக்கு அதன் வாசகத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே அழுத்த வேண்டும் என்று மாகாண சர்க்கார் இம்மையங்களுக்கு உத்தரவிட வேண்டும். அப்படி வாசித்துக் காட்ட நேரமில்லாத அளவுக்கு வாசகம் நீளமென்றால், சுருக்கப்பட வேண்டியது வாசகம்.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்போம். "விளம்பரம் இல்லாவிட்டால் இலவசத் தளங்கள் ஏது? சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைக்காரரும் திண்டுக்கல் பூட்டுக்காரரும் சில நூறு ரூபாய்ச் செலவில் வாங்குவோரைத் தேடிப் பிடிப்பது இதனால் அன்றோ?" என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. சிறு வியாபாரிக்கு விளம்பரம் வேண்டும். ஆனால் விளம்பரம் வேறு, வேவு வேறு. பூட்டைப் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் பூட்டு விளம்பரம் போடுவதற்கு வாசகனுடைய வியாதியும் கடனும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நூறு வருஷத்திற்கு மேலாகப் பத்திரிகைகள் விளம்பரத்தினால் பிழைத்து வந்திருக்கின்றன. எந்த வாசகன் வீட்டு ஜன்னலிலும் எட்டிப் பார்த்ததில்லை.

அப்படிச் சொல்லும்போதே வெட்கப்பட வேண்டிய ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் எங்கிள்ஹார்ட், அரவிந்த் நாராயணன் இருவரும் 2016-ல் பத்து லட்சம் தளங்களைச் சோதித்தார்கள். பின்தொடரும் கருவிகள் மிகுதியாகக் காணப்பட்டவை செய்தித் தளங்களே என்று கண்டார்கள். காகிதத்தில் வாசகனுடைய சுதந்திரத்திற்காக எழுதிவிட்டு, திரையில் அவனை ஏலத்திற்கு விடுவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகல்ல. ஊருக்கு உபதேசம் செய்யும் நம் தொழிலார் முதலில் தங்கள் வாசலைக் கூட்ட வேண்டும்.

சட்டத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக, தான் விரும்பும் சர்க்கார் ஸ்தாபனத்திற்கு ஓர் அறிவிப்பினாலேயே இச்சட்டத்திலிருந்து விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. கம்பெனியைக் கட்டிப் போடுகிற கயிறு சர்க்காரைக் கட்டவில்லை. புகார்களை விசாரிக்கும் போர்டின் அங்கத்தினர்களை நியமிப்பதும் அதே சர்க்கார்தான். பாதுகாப்பில் தவறும் கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; மெத்தச் சரி. ஆனால் அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. விவரம் களவு போனவனுக்கு ஒரு காசும் இல்லை. முன்பிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்ட ஈட்டுக்கு இடமளித்த 43-ஏ பிரிவையும் நீக்குவதற்கு இச்சட்டம் வகை செய்திருக்கிறது. வீடு பறி கொடுத்தவனுக்கு ஆறுதல், திருடன் கட்டிய அபராதத்தின் ரசீதா? பொய்ப் புகார் கொடுத்தால் பிரஜைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று பயமுறுத்தவும் சட்டம் மறக்கவில்லை. தவிரவும், தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் விவரம் என்ற பெயரால் உத்தியோகஸ்தர்களைப் பற்றிய தகவல்களை மறுப்பது சுலபமாக்கப்பட்டிருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற மற்றொரு ஷரத்து இருக்கிறதே என்று சர்க்கார் சமாதானம் சொல்லுகிறது. அதிகாரியின் மேஜைக்குத் திரை, குடியானவனின் வீட்டுக்குக் கண்ணாடிச் சுவர் என்ற நிலை ஏற்பட்டால், அந்தரங்க உரிமை தலைகீழாக நிற்பதாகவே அர்த்தம்.

ஆகவே நாம் கோருவது அதிகமல்ல. ஏற்கும் பொத்தானும் மறுக்கும் பொத்தானும் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே வர்ணத்தில் இருக்க வேண்டும் என்று விதியில் எழுத வேண்டும். உலாவியில் ஒரு தடவை மறுத்தால் எல்லாத் தளங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். மறுத்தவனுக்கு வாசலை அடைப்பது கூடாது. சர்க்கார் தளங்களில் அன்னியக் கம்பெனிகளின் குறிகள் ஒன்றுகூட இருக்கலாகாது. பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்ட ஈடு வேண்டும். சர்க்கார் ஸ்தாபனங்களுக்குக் கொடுக்கும் விலக்கு, காலவரையறைக்கும் நீதிபதியின் பரிசீலனைக்கும் உட்பட்டதாக இருக்க வேண்டும்.

இவை நடக்கும் வரையில் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. உலாவியின் அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்க வழியிருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. செல்போனின் விளம்பர எண்ணை நீக்கலாம். எந்தெந்தச் செயலி தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டு வைத்திருக்கிறது என்று பார்த்து, தேவையற்றதைப் பிடுங்கிக் கொள்ளலாம். மோசம் போனவர்கள் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம். நம் ஊர் வியாபாரிகளும் ஆஸ்பத்திரிகளும் பள்ளிக்கூடங்களும், தளம் அமைத்துக் கொடுக்கிறவன் எதைச் செருகி வைத்தான் என்று கேட்டறிந்து, வேண்டாததை எடுத்தெறிய வேண்டும். காந்தி கிராமப் பல்கலைக்கழகம் நம் பக்கத்தில் இருக்கிறது. கிராமத்துக்குக் கல்வியைக் கொண்டு போவதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனம் அது. அதன் மாணவர்கள் கிராமங்களுக்குச் சென்று இந்த விஷயத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தால், எத்தனையோ சட்டப் புத்தகங்கள் செய்யாத நன்மையைச் செய்தவர்களாவார்கள். வாசகசாலைகளிலும் தொழிற்சங்கங்களிலும் உழைக்கும் அரசியல் ஊழியர்களுக்கும் இது வேலை. ஓட்டுரிமையைச் சொல்லிக் கொடுத்தவர்கள், மறுக்கும் உரிமையையும் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி இன்று இயந்திரப் பூட்டின் போட்டியினால் நொந்து போயிருக்கிறான். ஆனால் அவன் வேலையில் உள்ள நியாயம் ஒருபோதும் பழசாகாது. பூட்டைச் செய்தவன் சாவியைத் தன்னிடம் வைத்துக் கொள்வதில்லை. வாங்கியவன் கையில் கொடுத்துவிடுகிறான். அந்த யோக்கியதையைக் கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் கம்பெனிகளிடமும், ஜனங்களின் பெயரால் ஆளும் சர்க்காரிடமும் எதிர்பார்ப்பது தவறாகுமா? சாவி யாருடையதோ அவன் கைக்கு வந்து சேரும் வரையில் கேட்டுக் கொண்டே இருப்பது நமது கடமை.